மூடாத முகம்

துணியை அக்காவின் கழுத்துவரை இழுத்துவிட்டுத் தம்பி நிறுத்திக்கொண்டான். அத்தை அதை முகத்துக்கு மேலே ஏற்றப் போனாள். அவன் அவள் கையைப் பிடித்தான்.

"முகத்தை மூட வேண்டாம் அத்தை."

"ஆளுங்க வர்ற நேரம்டா. அந்தக் கண்ணைப் பாரு. பாக்கறவங்க பயந்துட மாட்டாங்களா?"

வலது கண் பாதி திறந்தே கிடந்தது. நெற்றியில் அந்தப் பக்கம் மட்டும், கோடு கிழித்தாற்போல, அக்கியின் பொருக்கு. உதடு இடதுபுறம் இழுத்திருந்தது.

முதலில் வெறும் எரிச்சல்தான். "அக்கிதானே, தானா உதிர்ந்துடும்" என்று அக்கா பள்ளிப் பேருந்தை ஓட்டப் போய்விட்டாள். கொப்புளம் கண்ணுக்கும் காதுக்கும் இறங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி இத்தனை காலம் நரம்புக்குள் தூங்கிக் கிடந்து இப்போது விழித்திருக்கிறது என்றார் டாக்டர். முகம் கோணியது. இமை மூட மறுத்தது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

"ரெண்டு தம்பி வந்திருக்கீங்க. ஒருத்தன் போய் டீ போடுங்கடா" என்றாள்.

பேருந்துச் சாவியை அவளே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் வீட்டில் அடைந்து கிடக்கவில்லை. தம்பி கருப்புக் கண்ணாடி வாங்கி வந்தபோது, "இது எனக்கா, பாக்கறவங்களுக்கா?" என்று கேட்டு மேசைமேல் வைத்துவிட்டாள். சுவரைப் பிடித்தபடி தெருமுனைவரை நடந்து, பேருந்துப் பிள்ளைகளுக்குக் கையசைத்தாள். கடைக்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "முகந்தாண்ணே கோணிருக்கு. காசு நேராத்தான் இருக்கு" என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

நேற்று காலை பேச்சு குழறியது. மூளையின் ரத்தக்குழாயைக் கிருமி பிடித்துவிட்டது என்றார்கள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

"நான் தூக்கி வளத்த முகம்டா இது" என்றாள் அத்தை. "இப்பிடியா எல்லாரும் அவளைக் கடைசியா பாக்கணும்?"

"அவ ஒளிச்சு வைக்கல அத்தை. நாம ஏன் ஒளிக்கணும்?"

அத்தை துணியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

வெளியே பேச்சுக்குரல் கேட்டது. தம்பி போய்க் கதவை அகலத் திறந்தான். ஜன்னல் திரையையும் ஒதுக்கினான்.

திரும்பியபோது, அத்தை கால்மாட்டில் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தலைமாட்டுக்கு வந்திருந்தாள். அந்த வலது பக்கமாகவே போட்டு உட்கார்ந்தாள். பிறகு, வருகிறவர்களுக்கு மறைக்காமல் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.