உப்பளப் பாதைக்கு ஒரு சைக்கிள்

புருஷன் கிளைட்டன் வேலை பார்த்த டேங்கர் கப்பலின் என்ஜின் அறையில் தீப்பிடித்தது என்று கப்பலுக்கு ஆள் அனுப்பும் மும்பை ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் ஷெர்லினிடம் போனில் சொன்னாள். தீயை அணைத்துவிட்டார்கள், ஆட்கள் எல்லாரும் பத்திரம், கப்பலில் கரண்டும் இன்டர்நெட்டும் இல்லை, இழுத்துவர வேறு கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அதையேதான் சொன்னாள். கிளைட்டனின் குரலை மட்டும் யாராலும் கேட்கவைக்க முடியவில்லை.

ஷெர்லினால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. கன்டெய்னர் யார்டில் பில் போடுகிற வேலை அவளுக்கு. ஒரே கன்டெய்னருக்கு இரண்டு தடவை பில் போட்டாள், ஒன்றுக்குப் போடவே மறந்தாள். வீட்டில் மாமியார் பிளாரன்ஸ் மாதா படத்துக்கு முன்னால் ஜெபமாலையோடு உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாள். ஷெர்லின் பக்கத்தில் முழங்கால் போடுவாள், பாதியில் எழுந்துபோய் சமையலறைக் குழாயைத் திறந்து மூடுவாள், மாடிக்குப் போவாள், இறங்குவாள்.

அந்த நாட்களில்தான் சைக்கிள் வேலையை ஆரம்பித்தாள்.

அவளிடம் ஏற்கெனவே ஒரு சைக்கிள் இருந்தது. போன லீவில் கிளைட்டன் வாங்கித் தந்த ரேஸ் சைக்கிள், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரோடு. தார் ரோட்டில் நன்றாகத்தான் ஓடும். ஆனால் தார் ரோடு முழுக்க ட்ரெய்லர் லாரிகள். அவளுக்குப் பிடித்தது ஊருக்கு வடக்கே உப்பளங்களுக்கு நடுவில் போகிற மண் பாதைகள். அங்கே அந்த ஒல்லி டயர் புதைந்துவிடும். குனிந்து ஓட்டினால் முன்சக்கரம்தான் தெரியும், கடல் தெரியாது. அவளுக்குச் சின்னக் கை, பிரேக்கைப் பிடிக்க விரல் எட்டாது. எனக்கு ஏற்ற மாதிரி ஒன்றை நானே கட்டப்போகிறேன் என்று கிளைட்டனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள், கட்டினதில்லை.

சாயர்புரத்துக்காரன் கிருபாநிதி தூத்துக்குடியில் வைத்திருந்த சைக்கிள் கடையில், பெயின்ட் உரிந்த இரும்பு ஃபிரேம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அகலமான டயர் போக அதில் இடம் இருந்தது.

"எந்த ரோட்டுக்கு ஓட்டப்போறீங்க?" என்று கேட்டான்.

"ரோடே இல்லாத இடத்துக்கு."

நேரான ஹேண்டில்பார் போடுவது என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. மற்றதெல்லாம் தினமும் மாறியது. உடைமுள்ளுக்குப் பயந்து டியூப் இல்லாத டயர் போட்டாள், உள்ளே பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றினால் முள் குத்தின ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். உப்புக்காற்றில் முன் கியர் இறுகிப்போகும் என்று முன்னால் ஒரே பல்சக்கரம்தான் வைத்தாள். பெடல் அச்சு போகிற கூட்டுக்கு வலதுபக்கம் மரை எதிர்த்திசையில் இருக்கும். அது தெரிந்தும் ஒருநாள் மாலை முழுக்க தப்பான திசையிலேயே முறுக்கிக்கொண்டிருந்தாள். கை தோலுரிந்தது. அந்த நேரம் கப்பல் ஞாபகத்தில் இல்லை. ஞாபகம் வந்ததும் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஏஜென்சிக்குப் போன் செய்தாள். அதே பெண், அதே பதில்.

கூடம் முழுக்க சாமான் பரப்பிக் கிடந்தது. பிளாரன்ஸ் அதையெல்லாம் தாண்டித் தாண்டி நடந்தாள். ஒருநாள் நின்றுவிட்டாள்.

"ஏளா, புருசன் நடுக்கடல்ல கெடக்கான். நீ சைக்கிள் கட்டிக்கிட்டு இருக்க. பாக்கவங்க என்ன சொல்லுவாங்க?"

"என்ன செய்யச் சொல்லுதீங்க மாமி?"

"ஒரு இடத்துல உக்காரு. ஜெபம் பண்ணு."

"உக்கார முடியல. நானும் பாக்கேன், முடியல."

அன்று இருவரும் சேர்ந்து சாப்பிடவில்லை.

ஹேண்டில்பார் அவள் தோளுக்கு அதிக அகலமாக இருந்தது. வெட்ட வேண்டும். வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது. பென்சிலால் கோடு போட்டாள், அழித்தாள், இன்னும் உள்ளே தள்ளிப் போட்டாள். கடைசியில் கிருபாநிதி, "கொஞ்சம் வெட்டுங்க, ஓட்டிப் பாருங்க, பிறகு வெட்டுங்க" என்றான். ரம்பத்தை வாங்கி அவளே அறுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முதல் ஓட்டம். உப்பளத்துப் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் பிளாரன்ஸிடம் சொன்னாள். தருவைகுளம் போகிற ரோட்டிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் வரப்பில் திருப்பினாள். உடைந்த செங்கலும் கிளிஞ்சலும் கலந்த பாதை. சைக்கிள் குலுங்கியது, ஆனால் புதையவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததால் இரண்டு பக்கமும் பாத்திகளில் தேங்கிய தண்ணீரும், தூரத்தில் துறைமுகத்து கிரேன்களும் தெரிந்தன. பிரேக் விரலுக்கு எட்டியது. சந்தோஷப்பட ஆரம்பிக்கும்போதே ஏதோ தப்பு செய்கிற மாதிரி இருந்தது. இன்னும் வேகமாக மிதித்தாள். செயின் ஒரு பல் தாவியது. கடல் முனைக்குக் கிட்டே நிறுத்தி, குந்தி உட்கார்ந்து, கியர் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தபோது ஆட்டோ சத்தம் கேட்டது.

அந்த வரப்பில் உப்பு லாரி வரும், டிராக்டர் வரும். ஆட்டோ வராது.

அது ஈர மண்ணில் ஆடி ஆடி வந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பக்கத்துத் தெரு மரியானின் வண்டி. அதிலிருந்து பிளாரன்ஸ் இறங்கினாள். செருப்பு சேற்றில் மாட்டியது, அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து வந்தாள்.

ஷெர்லின் எழுந்து நின்றாள். எதிரே போக வேண்டும் என்று தோன்றியது. இத்தனை நாளும் நிற்காமல் அலைந்தவள், ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வெயிலுக்குச் சேலையைத் தலையில் இழுத்துப் போட்டிருந்ததால் மாமியாரின் முகம் தெரியவில்லை. அவள் அழுகிறாளா என்று மட்டும் பார்த்தாள். அதுவும் தெரியவில்லை.

பிளாரன்ஸுக்கு மூச்சு வாங்கியது.

"பேசுனாம்ளா. கிளைட்டன் பேசுனான்."

ஷெர்லின் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒனக்குத்தான் மொதல்ல அடிச்சானாம். கெடைக்கலயாம். சேட்டிலைட் போனாம், எல்லாரும் வரிசையா நின்னு பேசுதாங்க. திரும்ப ஒன் நம்பருக்கே அடிக்கேன்னு சொல்லியிருக்கான். இங்கன எங்க சிக்னல் இருக்கு? எந்திரி."

மரியான் ஆட்டோவைக் கிளப்பிப் பார்த்தான். பின்சக்கரம் சேற்றை அள்ளித் தெளித்தது, வண்டி நகரவில்லை.

"நீ போ" என்றாள் பிளாரன்ஸ். "அதுல போ. அதுக்குத்தான கட்டுன?"

ஷெர்லின் ஏறினாள். காற்று பக்கவாட்டில் தள்ளியது. ஈரமான இடத்தில் பின்சக்கரம் வழுக்கி, தானே நிமிர்ந்தது. செயின் தாவியது, தாவட்டும் என்று மிதித்தாள். ஓர் இடத்தில் பாதை உடைந்து பாத்தித் தண்ணீர் ஏறியிருந்தது. இறங்காமல் அதற்குள்ளேயே விட்டாள். தார் ரோட்டில் ஏறியதும் சட்டைப்பையில் போன் அதிர ஆரம்பித்தது. எல்லாம் எடுக்காமல் போன பழைய அழைப்புகளின் மெசேஜ். ரோட்டோரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காத்திருந்தாள். லாரிகள் போயின. அவள் ஒரு மைல்கல்லுக்கும் ஒரு வேப்பமரத்துக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள்.

போன் அடித்தது.

"எங்க இருக்க? ஒரே சத்தமா கெடக்கு."

"ரோட்டுல. நீ சொல்லு. நல்லா இருக்கியா?"

அவள் சொன்னது அங்கே போய்ச் சேரவும் அவன் பதில் திரும்பவும் நேரமானது.

"இருக்கேன். எடது கையில கொஞ்சம் பட்டிருக்கு. தீக்காயம்."

"எல்லாரும் பத்திரம்னு சொன்னாங்களே."

"உயிரோட இருந்தா பத்திரம்னுதான் சொல்லுவாங்க."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"முழங்கை வரைக்கும் கட்டு. வெரலை மடக்க முடியுது. அம்மாட்ட சொல்லல. நீயும் சொல்லாத." பின்னால் யாரோ இந்தியில் அவசரப்படுத்துவது கேட்டது. "துறைமுகத்துக்குப் போனதும் ஆஸ்பத்திரி. அதுக்குப் பிறகுதான் எப்ப அனுப்புவாங்கன்னு..."

லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிடப் பார்த்தால் போனில் நம்பரே விழுந்திருக்கவில்லை.

வரப்பில் திரும்பி வரும்போது மெதுவாகத்தான் வந்தாள். என்ன சொல்வது என்று ஒவ்வொரு பாத்தியிலும் வேறு வேறாக யோசித்தாள். ஆட்டோவை மரியானும் உப்பளத்து ஆட்கள் சிலரும் தூக்கி மேட்டில் வைத்திருந்தார்கள். பிளாரன்ஸ் அதில் உட்காராமல் வெளியே நின்றாள்.

"பேசுனானா?"

"பேசுனான்."

"என்ட்ட எதையோ மறைக்கான்" என்றாள் பிளாரன்ஸ். "சின்னப்பிள்ளையிலயே அவன் பொய் சொன்னா ரொம்ப மெதுவாப் பேசுவான். என்னன்னு சொல்லு."

ஷெர்லின் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். பிறகு சொன்னாள். கட்டு, முழங்கை, விரல் மடங்குகிறது என்பது, எல்லாம்.

"எந்தக் கை?"

"எடது."

பிளாரன்ஸ் தன் இடது கையைப் பார்த்தாள். அதை வலது கையால் முழங்கை வரைக்கும் தடவினாள்.

"ஏறுங்க சித்தி, போவோம்" என்றான் மரியான்.

"நீ வண்டிய எடுத்துக்கிட்டு ரோட்டுக்குப் போ. என்னால இப்ப உக்கார முடியாது."

அவள் செருப்பைக் கையில் பிடித்தபடியே நடக்க ஆரம்பித்தாள், வேகமாக. ஷெர்லின் ஏறவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தாள். கிளிஞ்சல் குத்தினபோது பிளாரன்ஸ் ஹேண்டில்பாரின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. அப்படியே இருவரும் தார் ரோடு வரைக்கும் போனார்கள், அடுத்து யாருக்குப் போன் செய்வது, எந்த ஆஸ்பத்திரி என்று யாரிடம் கேட்பது என்று பேசிக்கொண்டே.