கலப்படமுற்ற மலைத்தேன்

கள்ளக்குறிச்சியில் நடந்த கண்காட்சியில் தமிழ்மொழி தானே புட்டியில் அடைத்த தேனை முதன்முதலாக விற்பனைக்கு வைத்திருந்தாள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் தேன் எடுக்கும் மாயவன் கயிறு கட்டிப் பாறையில் இறங்கி எடுத்த தேன். புட்டியில் ஒட்டிய சீட்டில் அவர் மனைவி பச்சையம்மாளின் சிரித்த முகம்.

ஒரு பெரியவர் புட்டியைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, நீங்களே கலப்படம்னு போட்டுகினு விக்கிறீங்களே?"

அவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தாள். 'கலப்படமற்ற மலைத்தேன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கலப்படமுற்ற' என்று இருந்தது. அச்சகத்துக்காரர் வாட்ஸ்அப்பில் மாதிரி அனுப்பிக் கேட்டுத்தான் அடித்திருந்தார். பஸ்ஸில் நின்றபடி, படம் பளிச்சென்று வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, 'சூப்பர், அடிச்சிடுங்க' என்றவள் அவளேதான். யாரைத் திட்டுவது?

"உங்க பேரு இன்னாம்மா?"

"தமிழ்மொழிங்க."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

புட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டும்போதுதான் அவளுக்குத் திக்கென்றது. பச்சையம்மாளுக்கு முன்பே ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருந்தாள். போன் போகவில்லை. மறுநாள் காலை மலைக்குப் பஸ் ஏறினாள்.

வாசலில் பச்சையம்மாள் புட்டிகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தன் முகத்தைத் தானே நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, தப்பு எம்மேலதான். படிச்சிப் பாக்காம சரின்னுட்டேன்."

"எனக்கு இன்னா தெரியும் தமிழு? எம் மூஞ்சி வந்திருக்குதுன்னு வூடு வூடா குடுத்தேன். சந்தையில ஒருத்தன் படிச்சிட்டு, வெல்லப்பாகு எவ்ளோ ஊத்துனீங்கன்னு கேக்குறான். இவரு கயித்தையே தூக்கிக் கடாசிட்டாரு."

உள்ளே மாயவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பவில்லை.

"எல்லாத்தையும் புதுசா அடிச்சித் தரேங்க்கா."

"அடி. இந்தப் பேச்சக் கேட்டவங்களுக்கு யாரு போய் சொல்றது?"

தமிழ்மொழி எழுந்தாள். பச்சையம்மாள் முன்னே நடக்க, தேன் போன வீடுகளுக்கெல்லாம் போனாள். முதல் வீட்டு வாசலிலேயே சொன்னாள்: "தேன் சுத்தமானதுங்க. நாந்தான் பாக்காம தப்பா அச்சடிச்சிட்டேன்."

"பி.ஏ. படிச்சிருக்கேன்னியே, இதப் படிக்கலியா?" என்றாள் ஒருத்தி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இன்னொரு வீட்டில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். பாதியில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு எழுந்தாள்.

வெல்லப்பாகு பற்றிக் கேட்டவன் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான். "சும்மா தமாசுக்குக் கேட்டேங்க," என்று நழுவப் பார்த்தான். அவனையும் நிறுத்தி, முதலிலிருந்து முழுதும் சொன்னாள். பச்சையம்மாள் எங்கோ பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

புது அச்சை எழுத்தெழுத்தாகப் படித்தாள், பிறரையும் படிக்கவைத்தாள். படம் போட பச்சையம்மாள் ஒப்பவில்லை. தமிழ்மொழி கெஞ்சாமல், படமில்லாமலே அடித்தாள்.

அடுத்த முறை எடுத்த தேனை மாயவனே கேனில் கொண்டுவந்து அவள் வீட்டில் இறக்கினார். அவள் சொம்பில் தண்ணீர் நீட்டினாள்.

"வேணாங்க," என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். இதுவரை அவர் அவளை 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை.