பின்னாலேயே போன நாற்காலிகள்

அந்த உணவகத்தில் மனம் நிறையச் சாப்பிட்டு எழுந்தவர்களின் பின்னாலேயே, அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியும் வீடுவரைக்கும் நடந்துபோனது. முதலில் போனது கண்ணாடிக் கடைக்காரரோடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போது திரும்பிப் பார்த்தவர், "சரி வா, வெளிய நிக்காதே" என்று உள்ளே கூட்டிப்போனார். மறுநாள் திருப்பிக் கொடுக்க வந்தார். வந்ததுதான் வந்தோம் என்று ஒரு சூப் குடித்தார். அன்றும் அது அவரோடு கிளம்பிவிட்டது. முதலாளியின் கொழுந்தியாள் பரிமாற வந்த பிறகுதான் இதெல்லாம். அவள் ஒன்றும் விழுந்து விழுந்து உபசரிக்கிறவள் இல்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குக் கேட்காமலே சுவரோர மேசை கொடுப்பாள். சமையல் தாமதமானால் மழுப்பாமல் சொல்லிவிடுவாள். நாற்காலிகளுக்கு அது போதுமாக இருந்தது.

முதலாளிக்கு வயிறு எரிந்தது. வருகிறவர்களைப் பலகைப் பெட்டிகளில் உட்காரவைக்கும்படி ஆனதும், சங்கிலி வாங்கிவந்து நாற்காலிகளை மேசைகளோடு பூட்டினார். பூட்டியவை முனகின. சாப்பிடுகிறவர்கள் பாதியிலேயே எழுந்து போனார்கள். கோடை முடிவதற்குள் முதலாளி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கடையை விற்றுவிடலாம் என்று அவர் மனைவியிடம் சொன்ன அன்று, கொழுந்தியாள் சாவியைப் பிடுங்கி எல்லாப் பூட்டையும் திறந்தாள்.

"போற நாற்காலிக்கு எதுக்கு மாமா கவலை? சன்னலோரத்துல இருக்கே ஒண்ணு, அது பூட்டுறதுக்கு முன்னாடியும் ஒருநாள்கூட அசைஞ்சதில்ல. அதப் பாருங்க முதல்ல."

அதில் உட்காருகிறவர் தகரப் பட்டறைக்காரர். வருஷக்கணக்காக வருகிறவர், ஒரு குறை சொன்னதில்லை. அன்றும் வந்திருந்தார். மீனா, கோழியா என்று கேட்டாள். "சரி" என்றார். இதற்குச் சரி எப்படிப் பதிலாகும்? அவள் மேசையைச் சுற்றி அவருடைய வலப்பக்கம் போய்க் குனிந்து மறுபடி கேட்டாள். அவர் சட்டென்று நிமிர்ந்தார். சுத்தியல் சத்தம் அவருடைய இடக்காதை எப்போதோ தின்றிருந்தது. கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, தட்டில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு மீனே ஆகாதும்மா."

"இத்தனை நாளும் அதத்தானே போட்டோம்! தப்பு எங்க மேலதான். இப்ப உங்களுக்கு என்ன வேணும்? ஆற அமரச் சொல்லுங்க."

ஓரம் கருகின ரொட்டி கேட்டார். மிளகு தூக்கலாக முட்டை கேட்டார். முட்டை போதவில்லை என்று இன்னொன்றும் கேட்டார். முதலாளியே அடுப்படிக்குப் போய் ரொட்டியைக் கருக்கிக்கொண்டு வந்தார். சாப்பிட்டு முடித்துப் பட்டறைக்காரர் எழுந்தபோது சன்னலோர நாற்காலி கால்களை உதறிக்கொண்டு அவர் பின்னால் நடந்தது. முதலாளி இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார்.

மறுநாள் நல்ல மழை. பட்டறைக்காரர் நாற்காலிக்குக் குடை பிடித்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்தபடி வாசலில் வந்து நின்றார். "ரெண்டு பேருக்கு இடம் இருக்கா?" என்றார். முதலாளி அவருடைய வலப்பக்கமாகப் போய் நின்று, "உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு துண்டு எடுத்துவந்தார்.