சிவப்பே இல்லாத பட்டியல்

எங்கள் மலையில் ஆபத்தான நிலையில் கர்ப்பிணிகளே கிடையாது. நம்பாவிட்டால் பட்டியலைப் பாருங்கள். ஆறு மாதமாக ஆபத்தைக் குறிக்கும் சிவப்பு வரி ஒன்றுகூட இல்லை. அதற்காக மேற்பார்வையாளருக்கு அந்த வாரம் விருது தருவதாக இருந்தார்கள். நான் இங்கே கிராமச் செவிலி. வீடு வீடாக ஏறி இறங்கி என் முட்டி தேய்ந்தது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

அன்று காலை தையல்காரி வந்தாள். ஒன்பதாம் மாதம். வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை. தலைவலி, கண் மங்கல் வேறு. ரத்த அழுத்தம் நூற்று எழுபது. ஆம்புலன்ஸ் வண்டிக்கு மூன்று முறை போன் போட்டேன். "பட்டியல்ல சிவப்புன்னு இருந்தாதான் வண்டி வரும்" என்றார்கள். சிவப்பு போடும் அதிகாரமோ மேற்பார்வையாளர் சாரிடம்.

நல்ல வேளை, அன்று சாரே சோதனைக்கு வந்து சேர்ந்தார்.

"நூத்தி எழுபதெல்லாம் இருக்காதும்மா. மெஷின் பொய் சொல்லுது. திரும்ப அளந்து பாரு."

மூன்று முறை அளந்தேன். ஏறியதே தவிர இறங்கவில்லை.

"விருது வாங்கற வாரத்துல வந்து என் உயிரை வாங்கறியே! இந்தா, என் கையில கட்டு. எனக்கு எப்பவும் நூத்தி இருபதுதான். கூடக் காட்டுச்சுன்னா மெஷின் கோளாறுன்னு ஒத்துக்க."

கட்டினேன். நூற்று எண்பது.

சாரின் முகம் வெளிறியது. மெஷினை ஒரு வார்த்தை திட்டவில்லை. "எனக்கு மயக்கமா வருதும்மா" என்றபடி போனை எடுத்தார். இருபது நிமிடத்தில் வண்டி வாசலில் நின்றது. சார் ஓடிப்போய் வண்டிக்குள் இருந்த படுக்கையில் படுத்துக்கொண்டார். நான் விடுவேனா? "எழுந்து முன்னாடி உக்காருங்க சார்" என்று அதட்டி, தையல்காரியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

சாயங்காலம் அறுவை சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சாருக்கு மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கர்ப்பிணியைத் தானே நேரில் அழைத்துச் சென்ற கருணைக்காக விருதும் கிடைத்தது. கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மறுவாரம் தையல்காரியின் நாத்தனாரைப் பார்க்கப் போனேன். அவளுக்கு எட்டாம் மாதம். அட்டையில் பேறுகாலத் தேதியை எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்தவள் கவலையோடு கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கு சாருக்கு உடம்பு சரியில்லாம போகுமா?"