இரத்தினவேலுக்கு யார் பாடுவது

மூன்றாவது தடவையும் சீனித்தம்பி அண்ணை அதே வரியில் தடக்குப்பட்டு நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், பாட்டுப் புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். உரலைச் சுற்றி நின்ற பெண்கள் உலக்கையைத் தூக்கியபடியே காத்திருந்தார்கள். பாட்டு ஓடினால்தானே செத்தவருக்குப் பூசுகிற மஞ்சள் சுண்ணத்தை இடிக்கலாம்.

"பெரியப்பா, உது சினிமா மெட்டில போகுது," என்றாள் சந்திரவதனா. செத்துப்போன இரத்தினவேலின் மகள். அழுதழுது மூக்குச் சிவந்திருந்தும் வாய் மட்டும் அப்பாவின் வாய்தான்.

பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த இராசமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் சீனித்தம்பியில் இல்லை, பெட்டிக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கிற தன் மனுசனில்தான். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த இந்த மூன்று வருசமாக, ரொறன்ரோவில் தமிழர் செத்தவீடென்றால் இவர்தானே பாடினார்! ஒருத்தருக்காவது பழக்கிவிட்டாரா? "எனக்கென்ன அவசரம்" என்று திரிந்தார். செவ்வாய்க்கிழமை கார் பார்க்கில் காசு வாங்குகிற கூண்டுக்குள், மடியில் ஒரு புத்தகம் விரிந்தபடி கிடக்க, நெஞ்சடைத்துப் போய்விட்டார்.

யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர். இங்கே முதலில் ஜன்னல் செய்கிற பக்ரறி, அதை மூடிய பிறகு கோப்பை கழுவல், கடைசியாக அந்தக் கூண்டு. "இஞ்சரும், இப்பதான் எனக்கேற்ற வேலை. வாசிக்கிறதுக்குச் சம்பளம்!" என்று இராசமணியைக் கூப்பிட்டபடி துள்ளிக்கொண்டு வந்தார். கோயிலுக்கு வாங்கோ என்றால் அசையமாட்டார். செத்தவீடென்று போன் வந்தால் மட்டும் யூனிபோமுக்கு மேல் வேட்டியைச் சுற்றி, திருநீறும் பூசிப் புறப்படுவார். "கடவுள் இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஆனா ஒருத்தரையும் சும்மா அனுப்பப்படாது."

இப்போது இவரையே சும்மா அனுப்புவதா? பதினொரு மணிக்குப் பெட்டியை மூட வேண்டும் என்று மண்டபத்து வெள்ளைக்காரர் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மணி பத்து இருபது.

அருள்நாயகம் மெல்ல வந்து பக்கத்தில் குந்தினான். போன வருசம் தாயைப் பறிகொடுத்தவன். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. அம்மான்ர செத்தவீட்டை ஊரில தம்பிக்கு அனுப்பவெண்டு கசெற் ரேப்பில பிடிச்சனான். இரத்தினவேல் அண்ணை பாடினது முழுக்க அதில இருக்கு. அதின்ர கொப்பியும் ரேப் றெக்கோடரும் காருக்குள்ளதான் கிடக்கு."

"விசரே உனக்கு?" சீனித்தம்பி அண்ணை பாய்ந்தார். "தன்ர செத்தவீட்டில தானே பாடுறதோ? உலகத்தில நடக்கிற காரியமே?"

எல்லோரும் இராசமணியைப் பார்த்தார்கள். அவள் கணவனைப் பார்த்தாள். அவளைச் சீண்டும்போது வருகிற அந்த வளைவு உதட்டோரத்தில் அப்படியே இருந்தது.

"போடு தம்பி," என்றாள். "இவருக்கு மற்ற ஆக்கள் பாடினாப் பிடிக்காது."

ரேப் கரகரத்தது. பிறகு, ஐயோ, அந்தக் குரல்! ஒருமுறை செருமிக்கொண்டு ஏறியது. உலக்கை விழுந்தது. மஞ்சள் மணம் மண்டபமெல்லாம் பரவியது. மூன்றாம் பாட்டின் நடுவில் குரல் நின்றது. "பிள்ளையள், ஆறுதலா இடியுங்கோ. வெள்ளைக்காரன்ர நிலம் உடையப் போகுது!"

சந்திரவதனா உலக்கையை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சீனித்தம்பி அண்ணை சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறி இருமினார். செத்தவீடா கலியாணவீடா என்று தெரியாமல் மண்டபத்துக்காரர் கதவால் எட்டிப் பார்த்தார். இராசமணிக்கும் சிரிப்பு, கூடவே கண்ணீர். இந்த மனுசனோடு முப்பத்தொரு வருசம் எவ்வளவு சந்தோசமாகச் சீவித்திருக்கிறேன் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்து வந்தது.

பாட்டு முடிந்தது. சுண்ணமும் பதமாகிவிட்டது. நிற்பாட்ட ஒருவருக்கும் மனம் வராமல் ரேப் இன்னும் சுழன்றது.

"இஞ்சரும்," என்றது குரல், களைத்துப்போய். "கொஞ்சம் தண்ணி தாரும்."

இராசமணி எழுந்தாள். ஆட்களை விலக்கிக்கொண்டு போய், மேசையில் இருந்த போத்தலைத் திறந்து, கடதாசிக் கோப்பையில் தண்ணீர் வார்த்து, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். பாதி வழியில்தான் எல்லோரும் தன் கையிலிருந்த கோப்பையையே பார்த்தபடி நிற்பதைக் கண்டாள்.