மருவை இடம் மாற்றிய மகன்

1

இந்தக் கதை ஒரு மருவிலிருந்து பிறந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஹாலந்தின் லெய்டன் நகரில், என் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய படக்கடை. அங்கே உள்ளங்கையளவு அச்சு ஒன்று: முக்காடிட்ட கிழவி, கன்னத்தில் மரு. ஓவியரின் தாய் என்றார் கடைக்காரர். எந்த ஓவியர்? அவருக்கும் தெரியாது. அதுதான் எனக்கு வசதி. பெயர், உறவு, சண்டை எல்லாம் இனி என் கைச்சரக்கு.

முதல் வரி: 'உறைந்த கால்வாயின் மேல் நிலவொளி—'

வேண்டாம். ஹாலந்து என்றதும் கால்வாயை உறையவைக்கும் வியாதி எனக்கும் உண்டு. இந்தக் கதையில் மழைதான்.

2

யோஸ்ட் அதுவரை காகிதத்தில் மட்டும் வரைந்தவன். முதல்முறையாகச் செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் அம்மாவைக் கீறி (பதறாதீர்கள், படத்தைத்தான்), அமிலத்தில் இட்டு, மை தடவி அச்செடுத்தான். சுருக்கங்கள் அற்புதமாக விழுந்திருந்தன. மரு மட்டும் இடக்கன்னத்திலிருந்து வலக்கன்னத்துக்குப் போயிருந்தது. தகட்டில் வரைவது காகிதத்தில் இடம்வலம் மாறும். இந்தத் தொழிலில் எவனும் மறக்கக்கூடாத பாடம் அது. அம்மா முகம் கைக்கு வந்த பூரிப்பில் மறந்துவிட்டான்.

போகட்டும் என்று விடவும் முடியாது. அம்மா மக்டெல்டுக்கு வெண்டெலா என்று இரட்டைப் பிறவி. அதே முகம், மரு மட்டும் வலக்கன்னத்தில்.* தாய் விட்டுப்போன இறகு மெத்தைக்காக இருவரும் பேச்சை விட்டுப் பல வருடம்.

* நம்ப முடியவில்லையா? எனக்கும்தான். கதைக்கு அவள் வேண்டியிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

"நல்லா வரலேன்னா சுரண்டிடு. மறுபடி உக்கார மாட்டேன்" என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். அவளுக்கு மூச்சிரைப்பு. இன்னொரு குளிர்காலத்தைத் தாண்டுவாளா என்று யோஸ்டுக்குப் பயம். இந்த முகம் போனால் போனதுதான்.

3

பட்டாணிக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த அவன் மனைவி ஹில்லா முதலில் பார்த்தாள்.

"ஐயையோ, இது வெண்டெலா பெரியம்மால்ல?"

"மெதுவாப் பேசுடி!"

அதற்குள் அம்மா படத்தைப் பிடுங்கிவிட்டாள்.

[இங்கே அவள் கத்துவதாக எழுதியிருந்தேன். தட்டு பறந்தது, பூனை ஓடியது. ஆனால் அவளுக்குத் தன் முகம் எப்படித் தெரியும்? கண்ணாடியில்தானே? அதுவும் மாற்றித்தானே காட்டும்? அடித்துவிட்டேன். பூனையும் போயிற்று.]

"சரியாத்தானே இருக்கு? தெனம் கண்ணாடில பாக்குற அதே மூஞ்சி."

"அத்தை, உங்க மரு இந்தப் பக்கம்" என்று ஹில்லா மாமியாரின் இடக்கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

மக்டெல்ட் கன்னத்தைத் தடவினாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி தடவினாள்.

"அப்ப இத்தனை வருஷமா கண்ணாடில நின்னது அவளா? அவகிட்டயா தெனம் குல்லா சரியா இருக்கான்னு கேட்டுட்டுக் கெடந்தேன்?"

ஹில்லா வாயைப் பொத்திக்கொண்டாள். யோஸ்ட் சுரண்டும் கத்தியைக் கையில் எடுத்தான்.

"சுரண்டிடவாம்மா?"

"கையை ஒடிச்சிடுவேன். இன்னொண்ணு அச்சடி."

"யாருக்கு?"

4

முடிவு ஒன்று: படம் வெண்டெலாவுக்குப் போகிறது, அவள் அழுகிறாள். (எழுதும்போது நானும் அழுதேன். அதனாலேயே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: சுவரில் மாட்டி, காலையும் மாலையும் அதைத் திட்டித் தீர்த்து—

ம்ஹூம்.

யோஸ்ட் தகட்டில் மை தடவிவிட்டு நிற்கிறான். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. யாருக்கு என்று அவளிடம் சீக்கிரம் நீங்களே கேட்டுவிடுங்கள். உடன்பிறந்தவளோடு சண்டை மூட்டியவன் நான்தான் என்று தெரிந்ததிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.