இரண்டு சொட்டு

தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த வேட்டிக் கிழிசல் மறுபடியும் உச்சந்தலையிலிருந்து நழுவிக் காதோரம் விழுந்தது. மணிவேல் அதை இழுத்து இறுக்குவதற்குள் அப்பாவின் வாய் திறந்துகொண்டது. அகலமாக அல்ல. ஏதோ ஒரு பெயரைச் சொல்ல ஆரம்பித்து, முதல் எழுத்திலேயே நிறுத்திவிட்டதுபோல.

"கட்டாத, உடுடா," என்றாள் மருதாயி அத்தை. செத்துக் கிடந்த உத்திராபதிக்குக் கூடப்பிறந்த அக்கா. தலைமாட்டில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். "எந்தம்பி மவளுக்காவ வாயத் தொறந்து வச்சிருக்கான். ரஞ்சி வந்து நின்னாத்தான் மூடுவான்."

"ஆமாங்க்கா. எங்க மாமனாருக்கும் இப்படித்தான். பம்பாயிலேந்து சின்னவரு வந்து நின்னவொடனே டப்புனு மூடிக்கிச்சு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"சோப்பு டப்பாவாட்டமா?" என்று யாரோ கேட்டார்கள். ஒரு சிரிப்பு எழும்பி, முந்தானைக்குள் போய் இருமலாக வெளியே வந்தது.

மணிவேல் சிரிக்கவில்லை. தங்கை சிவரஞ்சனி, சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் வேற்றுச் சாதிக்காரனைக் கட்டிக்கொண்டு அரியலூருக்குப் போனபோது, "அவ இந்த வாசப்படி மிதிச்சா நான் எறங்கிடுவேன்" என்று அப்பாவிடம் சொன்னவன் அவன்தான். அப்பா பையன் பேச்சைக் கேட்டார். கை கால் விழுந்து படுத்த பிறகுதான் கேட்காமல் போனார். குழறிய நாக்கில் மிஞ்சியிருந்தது ஒரே சொல். ரஞ்சி. "சொல்லியாச்சுப்பா, வந்துகிட்டிருக்கா" என்று மணிவேல் தினமும் சொன்னான். யாருக்கும் சொல்லவில்லை. ரோட்டில் பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் அப்பாவின் கண்கள் கதவுப் பக்கம் போய், பஸ் தாண்டிப் போனதும் மெதுவாகத் திரும்பும். இது அவனுக்கும் அவன் மனைவி அனிதாவுக்கும் மட்டும் தெரியும்.

இந்த வாய் இப்படியே சுடுகாடு போனால் ஊருக்கே தெரிந்துவிடும். மகளைக் கண்ணில் காட்டாமல் சாகடித்தான் என்று கடைத்தெருவரை பேசுவார்கள்.

"எல்லாரும் செத்த வெளிய இருங்க. வேட்டி மாத்தணும்," என்றான்.

பசைதான் மணிவேலின் பிழைப்பு. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்பா ஆரம்பித்த கடை. செருப்புக் கடைகளுக்கு ரப்பர் சொல்யூஷன், தச்சர்களுக்கு மரப்பசை, சிமெண்ட் ஆலை பெல்ட்டுகளுக்குப் பெரிய டின். ஒட்டாமல் போன பொருளைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் அவன் கேட்பது ஒன்றுதான்: என்ன பொருள், ஈரம் படுமா, எவ்வளவு நேரம் பொறுப்பீங்க?

தோல். ஈரம். நேரமில்லை.

ரப்பர் சொல்யூஷன் ஆகாது. பூசிக் காயவிட வேண்டும். வாடை தெருவுக்குப் போகும். இரண்டு டியூபைக் கலக்குகிற சரக்கு ஈரத்தில் வழுக்கிவிடும். மிச்சமிருந்தது, சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் இன்ஸ்டன்ட் பசை. காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துத்தான் அது இறுகும். "பொருள ஒட்டறதுக்கு முந்தி விரல ஒட்டிப்புடும், பாத்துக்கங்க" என்று சொல்லித்தான் விற்பான்.

"என்னங்க செய்யிறீங்க?" என்றாள் அனிதா.

"கதவச் சாத்து."

அவள் சாத்திவிட்டுக் கதவிலேயே சாய்ந்து நின்றாள். வெளியே ஐப்பசி மழை பிடித்திருந்தது. கீழுதட்டின் உள்பக்கத்தை ஈரம் போகத் துடைத்து, டியூபை அழுத்தினான். அவசரத்தில் நிறைய வந்துவிட்டது. தாடையைத் தூக்கி இரண்டு உதடுகளையும் சேர்த்துப் பிடித்தான். பிடித்துக்கொண்டே அப்பாவின் நெற்றிக்காசைப் பார்த்தான். கையை எடுத்தபோது வாய் மூடியிருந்தது. உத்திராபதி இப்போது யாரையும் எதிர்பார்க்காத மனிதராக இருந்தார்.

கட்டைவிரலில் பசை தோலாகப் படிந்திருந்தது. கடையில் அதைப் பல்லால் கடித்துத் துப்புவது அவன் வழக்கம். அனிதா பார்த்துக்கொண்டிருந்ததால் வேட்டியில் தேய்த்துக்கொண்டான். அது போகவில்லை.

பெண்கள் உள்ளே வந்தார்கள். அத்தை குனிந்து தம்பியின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "மூடிட்டான்," என்றாள். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

மதியம் மழைக்கு நடுவே சிவரஞ்சனி வந்தாள். தெருமுனையில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தாள். வாசலில் பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டாள். அழவில்லை. அண்ணனைப் பார்த்தபடி நனைந்தாள்.

"நாந்தான் எஸ்.டி.டி. பூத்துலேந்து சொல்லச் சொன்னேன்," என்றாள் அத்தை, உள்ளே தலைமாட்டில் இருந்தபடியே. "வெட்டுறதுன்னா என்னய வெட்டு."

பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் மணிவேலின் முகத்தையே பார்த்தார்கள். அவனுக்கு ஆச்சரியமாக, கோபம் வரவில்லை. உள்ளே வாய் மூடிக் கிடக்கிறது. இனி அவள் வந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். தாராளமாகக்கூட இருக்கலாம் என்று தோன்றியது.

"வரட்டும்," என்றான் ஊருக்குக் கேட்கும்படி. "பெத்த அப்பன். வாய்க்கரிசி போட்டுட்டுப் போவட்டும்."

சொல்லி முடித்ததும்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

உள்ளே ஓடினான். "மாலை மாத்தணும், எழுந்திரிங்க."

"எத்தன தடவடா மாத்துவ? பொண்ணு பாக்கவா போறான்?" என்றபடி அத்தை எழுந்தாள்.

கதவைச் சாத்திக்கொண்டு அனிதாவிடம் சீறினான். "வாய்க்கரிசி இருக்குன்னு ஒனக்குத் தோணலயா?"

"தோணுச்சு."

"அப்பறம் ஏன்டி சொல்லல?"

"கதவச் சாத்தச் சொன்னீங்க. சாத்துனேன்."

கடையில் தின்னர் இருக்கிறது. கடைக்குப் போய்வர நேரமில்லை. வெந்நீரில் சோப்பைக் கரைத்துத் துணியில் நனைத்து ஒற்றினான். ஒட்டிய விரலை இழுக்கக் கூடாது, உருட்டி உருட்டிப் பிரிக்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறான். உயிருள்ள விரலுக்கு வியர்வை உண்டு, எண்ணெய் உண்டு; ஒன்றிரண்டு நாளில் தோலே பசையைத் தள்ளிவிடும். இந்த உதடு எதையும் தள்ளாது. நகத்தைக் கொடுத்து நெம்பினான். இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பிரிந்து, தோல் உரிந்தது. ரத்தம் வரவில்லை. அந்த ஓரம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அப்பா அவனைப் பார்த்து இளக்காரமாகச் சிரிப்பதுபோல் இருந்தது.

அத்தை கதவைத் தட்டினாள். "அரிசி நனஞ்சு ஊறிக் கெடக்குடா."

பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் உற்றுப் பார்க்கவில்லை. உதட்டில் வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அரிசி தாடை வழியே சரிந்து கழுத்துக் குழியில் சேர்ந்தது.

சிவரஞ்சனி கடைசியாக வந்தாள். கல்யாணத்துக்கு முன்பு கடையில் மணிவேலைவிட அதிகம் உட்கார்ந்தவள். பெல்ட் ஆட்கள்கூட, "பாப்பா இல்லியா?" என்று அவளைத்தான் தேடுவார்கள்.

முழங்கையில் மழைத்தண்ணீர் சொட்ட மண்டியிட்டாள். அரிசியை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது சுட்டுவிரலை அப்பாவின் உதட்டில் வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெல்ல இழுத்துப் பார்த்தாள். ஒட்டின இடம் எங்கே விட்டிருக்கிறது என்று கடையில் பார்ப்பார்களே, அப்படி. பிரிந்த ஓரத்தில் விரல் நின்றது. பிறகு மீசையைப் பார்த்தாள். மை பூசிய கருப்பு மீசையின் அடிவரிசை முழுக்க, சுண்ணாம்பு தூவினதுபோல் வெள்ளை பூத்திருந்தது. மழைநாளில் இன்ஸ்டன்ட் பசையை அதிகமாக ஊற்றினால் அப்படித்தான் பூக்கும்.

மணிவேல் எதிரில் நின்றிருந்தான். அவள் நிமிர்ந்தாள். அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"கூடப் போச்சுண்ணே. ரெண்டு சொட்டு போதும்."

அவன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"என்னடி முணுமுணுக்குற? போடு," என்றாள் அத்தை.

"ஒண்ணுமில்லத்தே." அவள் ஒற்றை அரிசியை எடுத்து, பிரிந்திருந்த ஓரத்தில் செருகப் பார்த்தாள். போகவில்லை. மிச்ச அரிசியைக் கூடையிலேயே கொட்டினாள். "அப்பா போதுங்கிறாரு."

முந்தானையால் அப்பாவின் கழுத்துக் குழியில் கிடந்த அரிசியைத் துடைத்தெடுத்து முடிந்துகொண்டாள். செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, பாடை தூக்கும்வரை இருக்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள். கூட்டத்தில் ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை.

சுடுகாட்டில் மழை விட்டிருந்தது. ஆண்கள் வரிசையாக வந்து அரிசி போட்டார்கள். "வாயில போடுங்கய்யா, மேல போடுறீங்களே," என்று முடிதிருத்தும் சின்னதுரை சொல்லிக்கொண்டே இருந்தான். குனிந்து விரலால் உள்ளே தள்ளப் போனவன், கையை இழுத்துக்கொண்டு மணிவேலைப் பார்த்தான். ஒரு வறட்டியை எடுத்து முகத்தின் மேல் வைத்தான்.

மொட்டையடித்து, மீசை மழித்து, மணிவேல் ஈர வேட்டியோடு நின்றான். தோளில் பானை. முதல் சுற்று வந்தபோது கட்டைவிரல் அரித்தது. பழக்கத்தில் அதை வாய்க்குக் கொண்டுபோய், பசைத்தோலின் ஓரத்தைப் பல்லால் பற்றினான்.

பசைத்தோலுக்குள், கண்ணாடிக்கு அடியில் வைத்ததுபோல், அப்பாவின் கருப்பு மீசை முடி ஒன்று இருந்தது.

"நிக்காதீங்க," என்றான் சின்னதுரை. "ரெண்டாவது சுத்து."

மணிவேல் கையைக் கீழே இறக்கிக்கொண்டு நடந்தான்.